அப்பாவின் பீட்டா பிளாக்கர்: தைப்பூசத்துக்கு முன் நிறுத்தலாமா?

செந்தூல்மகள்

வணக்கம் எல்லாருக்கும். அப்பாவுக்கு 67 வயது. சில வருடங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போதிலிருந்து பிசோப்ரோலோல் என்ற பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பை மெதுவாக்கும் மாத்திரை) 5 மில்லிகிராம், தினமும் காலையில் ஒன்று. கூடவே ஆஸ்பிரின், கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின், பிரெஷருக்கு பெரிண்டோப்ரில், இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும்.

வரும் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறார். ஆனால் சமீப காலமாக ரொம்பச் சோர்ந்து போகிறார். எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் பழுதானால் மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். விரல் நுனி சில்லென்று இருக்கிறது. பிரெஷர் மெஷினில் நாடி 50, 52 என்று காட்டுகிறது. "இந்த மாத்திரைதான் என்னை இழுத்துப் பிடிக்கிறது. நாளையிலிருந்து இதை மட்டும் விட்டுவிடுகிறேன், தைப்பூசம் முடிந்ததும் மறுபடி ஆரம்பிக்கலாம்" என்கிறார். சித்தப்பாவும் அதற்கு ஒத்து ஊதுகிறார். அடுத்த அப்பாய்ன்மென்ட் தைப்பூசத்துக்கு அப்புறம்தான். என்ன செய்யலாம்?

கெப்போங்வாசி

நானும் சில வருடம் அட்டெனோலோல் என்ற பீட்டா பிளாக்கர் சாப்பிட்டேன், பிரெஷருக்காக. அப்பா சொல்லும் அதே சோர்வு, அதே சில்லென்ற கை. இராத்திரி கெட்ட கனவு வேறு. டாக்டர் அதை எடுத்துவிட்டு அம்லோடிபின் கொடுத்தார், ஆள் மாறிப்போனேன். இது பழங்காலத்து மருந்து, வெளிநாட்டில் பிரெஷருக்கு இதை முதலில் கொடுப்பதே இல்லை என்று படித்திருக்கிறேன். அப்பா தாராளமாக விடலாம் என்பது என் கருத்து. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மருந்துக்கடை அக்கா

செந்தூல்மகள், அப்பா தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. இன்று இரவே அவரிடம் சொல்லிவிடுங்கள். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

நான் பிரிக்பீல்ட்ஸில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த ஒருவர் பீட்டா பிளாக்கரைத் திடீரென்று விடுவது, இந்த மருந்தில் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியம். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே இதற்குத் தனி எச்சரிக்கை உண்டு. நாம் ஓடும்போதும் பயப்படும்போதும் கோபப்படும்போதும் அட்ரினலின் சுரந்து "வேகமாக அடி" என்று இதயத்துக்குக் குரல் கொடுக்கிறது. அந்தக் குரலைக் கேட்கும் காதுகள்தான் இதயத்தில் இருக்கும் பீட்டா ஏற்பிகள். மாத்திரை அந்தக் காதுகளை அடைக்கிறது. நீண்ட நாள் அடைத்தே வைத்திருந்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை, கூடுதல் காதுகளை முளைக்க வைக்கிறது. ஒரே நாளில் அடைப்பை எடுத்தால் அத்தனை காதுகளிலும் ஒரே நேரத்தில் குரல் விழும். நாடி எகிறும், பிரெஷர் ஏறும். ஏற்கெனவே இரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலி வரலாம், மறுபடி மாரடைப்பே வரலாம். நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரத்தில்தான் இந்த ஆபத்து அதிகம். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் டாக்டர் ஒன்றிரண்டு வாரம், சில சமயம் அதற்கும் மேல், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.

உங்கள் அப்பா போட்டிருக்கும் கணக்கைப் பாருங்கள். மாத்திரையை விட்ட கையோடு விரதம், வெயில், கூட்டம், தலையில் குடம், 272 படி. அட்ரினலின் மிக அதிகமாகச் சுரக்கும் நாளை அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

அதே சமயம் அவர் சோர்வை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. நாடி 50-க்குக் கீழே போனாலோ, தலைசுற்றல், மயக்கம், மூச்சு வாங்குதல் இருந்தாலோ அடுத்த மாத்திரைக்கு முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும். மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ 999 கூப்பிடுங்கள். இதெல்லாம் இல்லை, சோர்வு மட்டும்தான் என்றாலும் அப்பாய்ன்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார நிலையம்) இந்த வாரமே அழைத்துப் போங்கள். நாம் குடிமக்கள், பதிவுக்கு ஒரு வெள்ளிதான். இசிஜி அங்கேயே எடுப்பார்கள்.

ஒரு கேள்வி. நீங்கள் எழுதிய பட்டியலில் மாத்திரைகள் மட்டும்தான் இருக்கின்றன. அப்பா வேறு எதுவும் பயன்படுத்துகிறாரா? மூலிகை, ஜாமு, இன்ஹேலர், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து?

கெப்போங்வாசி

அக்கா, அப்படியென்றால் எனக்கு மட்டும் ஏன் டாக்டர் நிறுத்தினார்?

மருந்துக்கடை அக்கா

உங்களுக்கு எதற்காகக் கொடுத்தார்கள், அவருக்கு எதற்காகக் கொடுத்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களில் பலர் "பிரெஷர் மாத்திரை" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். ஒரே பிசோப்ரோலோல் ஒருவருக்குப் பிரெஷருக்கு, ஒருவருக்கு மாரடைப்புக்குப் பிறகு, ஒருவருக்கு இதயச் செயலிழப்புக்கு, இன்னொருவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுவதற்கு. நிறுத்தலாமா, குறைக்கலாமா என்ற கேள்விக்கு ஒவ்வொருவருக்கும் பதில் வேறு.

வேறு இதய நோய் எதுவும் இல்லாமல் பிரெஷர் மட்டும் இருந்தால், நீங்கள் படித்தது பெரும்பாலும் சரி. 2002-இல் வந்த லைஃப் ஆய்வில் லோசார்ட்டான் என்ற வேறு வகைப் பிரெஷர் மருந்தையும் அட்டெனோலோலையும் ஒப்பிட்டபோது, லோசார்ட்டான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் குறைவாக வந்தது. 2006-இல் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு பீட்டா பிளாக்கரை முதல் வரிசையிலிருந்து பின்னுக்குத் தள்ளியது. உங்கள் டாக்டர் அம்லோடிபினுக்கு மாற்றியது அந்த வழியில்தான். ஆனால் உங்களுக்கும் ஒரே நாளில் நிறுத்தியிருக்க மாட்டார், சரியா?

கெப்போங்வாசி

ஆமாம், முதலில் பாதி மாத்திரை, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம்தான் நிறுத்தினார். அதற்குக் காரணம் இதுதானா? எனக்கு இதுவரை யாரும் விளக்கியதில்லை. செந்தூல்மகள், அக்கா சொல்வதையே கேளுங்கள்.

தண்ணீர்மலைத் தாத்தா

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியன். எனக்கு இதயச் செயலிழப்பு. இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு பாதியாகக் குறைந்திருந்த நேரத்தில் இந்த மருந்தை ஆரம்பித்தார்கள். 1.25 மில்லிகிராம், நகக்கணு அளவுகூட இல்லாத ஒரு துணுக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். ஒவ்வொரு முறை ஏற்றியதும் சில நாள் உடம்பு அடித்துப் போட்டது மாதிரி இருக்கும், அப்புறம் தானாகச் சரியாகும். முதல் மாதம் நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். மனைவி விடவில்லை. இப்போது காலையில் தாவரவியல் பூங்காவைச் சுற்றி நடக்கிறேன். போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்திலேயே நின்று வெள்ளி இரதத்தைப் பார்த்தேன். 500-க்கும் மேற்பட்ட படிகள் எனக்கு இனி வேண்டாம், முருகனுக்கு அது தெரியும்.

ஒரு காலத்தில் இதயச் செயலிழப்புள்ளவருக்கு இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது என்றுதான் மருத்துவம் படித்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பலவீனமான இதயத்தை மேலும் மெதுவாக்கலாமா என்ற பயம். 1975-இல் சுவீடனின் கோத்தன்பர்க் மருத்துவர்கள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்துத் தேறுகிறார்கள் என்று எழுதினார்கள். யாரும் எளிதில் நம்பவில்லை. 1999-இல் சிபிஸ்-2 என்ற பெரிய ஆய்வு வந்தது, 2,647 நோயாளிகள். பிசோப்ரோலோல் எடுத்தவர்களில் சுமார் 12 விழுக்காட்டினர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் 17 விழுக்காட்டினர். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். இதைப் படித்த பிறகுதான் எனக்கு மாத்திரை மேல் மரியாதை வந்தது.

இந்த வகை மருந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1940-களின் பின்பகுதியில் சிங்கப்பூரில், கிங் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். மலாயாவின் டாக்டர்கள் பலர் படித்து வந்த கல்லூரி அது. மற்றவர்கள் இதயத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இதயத்தின் தேவையையே குறைத்தால் என்ன என்று அவர் கேட்டார். அதில் பிறந்ததுதான் ப்ரோப்ரனோலோல், 1960-களில். 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மாமாக்_மேசை

தாத்தா, உங்கள் பதிவைச் சேமித்து வைத்துவிட்டேன். என் அம்மாவுக்கும் இதே கதைதான். எடை பார்க்கச் சொன்னார்களா உங்களுக்கு?

தண்ணீர்மலைத் தாத்தா

தினமும் காலையில், சிறுநீர் கழித்த பின், பசியாறுவதற்கு முன். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் தண்ணீர் சேர்கிறது என்று அர்த்தம், கிளினிக்குக்கு உடனே அழைக்க வேண்டும். அளவு ஏற்றும் வாரங்களில் இது மிக முக்கியம். அம்மாவுக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பட்டர்வொர்த் மிசி

நான் ஓய்வுபெற்ற தாதி. செந்தூல்மகளின் பட்டியலில் எனக்குக் கண்ணை உறுத்துவது கிளிக்லசைடும் விரதமும்.

நம்மவர்கள் தைப்பூச விரதம் என்றால் பலர் பகல் முழுவதும் பாலோ பழமோ மட்டும், இரவில் ஒருவேளைச் சோறு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அதில் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. கிளிக்லசைடு அப்படியில்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். சர்க்கரை இறங்கும்போது உடம்பு நம்மைத் தட்டி எழுப்புவது எப்படி? நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். பீட்டா பிளாக்கர் அந்த இரண்டையும் அமுக்கிவிடும். பிசோப்ரோலோல் மாதிரி இதயத்தை மட்டும் குறிவைக்கும் வகைகள் ப்ரோப்ரனோலோல் அளவுக்கு அமுக்குவதில்லை, ஆனாலும் அமுக்கும். மிஞ்சுவது பெரும்பாலும் வியர்வைதான். பத்துமலைப் படியில் எல்லாருக்கும்தான் வியர்க்கிறது. அதில் யாருக்குச் சர்க்கரை இறங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வார்டில் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். வாய் பேசாமல் சட்டை நனைய உட்கார்ந்திருந்தார், தூங்குகிறார் என்று மனைவி நினைத்துக்கொண்டிருந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 2.3 மில்லிமோல். அவருக்கு ஒரு படபடப்பும் தெரியவில்லை.

அதனால் விரதம் தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி கிளிக்லசைடின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் நம் மலாய் நண்பர்களுக்கு எல்லா கிளினிக்கிலும் இதைச் செய்துகொடுக்கிறார்கள், கேட்டால் நமக்கும் செய்வார்கள். குளுக்கோமீட்டர் பையில் இருக்கட்டும். 4 மில்லிமோலுக்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். விரதம் முறிந்துவிடுமே என்று தயங்கவே கூடாது. உயிரோடு இருந்தால்தான் அடுத்த வருடமும் குடம் எடுக்க முடியும்.

நாடியை மெஷினை மட்டும் நம்பிப் பார்க்காதீர்கள். துடிப்பு சீராக இல்லாவிட்டால் மெஷின் தப்பாகக் காட்டும். அப்பாவை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காப்பி, சிகரெட் வேண்டாம்.

சலங்கை அம்மா

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். மகளுக்கு அரங்கேற்றம் வருகிறது. மேடை பயம் அதிகம், பயிற்சியிலேயே கை நடுங்குகிறது. வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு ப்ரோப்ரனோலோல் பாதி கொடுத்தார்களாம், நன்றாக ஆடினாளாம். அந்த அம்மா எங்களுக்கும் நான்கு மாத்திரை தருவதாகச் சொல்கிறார். மகளுக்கு இதய நோய் எதுவும் இல்லை. சின்ன வயதில் அடிக்கடி இழுப்பு வரும், இப்போது இல்லை.

மருந்துக்கடை அக்கா

வாங்காதீர்கள் அம்மா. நீங்கள் கடைசியாக எழுதிய அந்த ஒரு வரிதான் காரணம்.

ப்ரோப்ரனோலோல் இதயத்தை மட்டும் பார்த்துப் பிடிக்கும் மருந்து இல்லை. மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் ஏற்பிகளையும் சேர்த்து அடைத்துவிடும். ஆஸ்துமா இருந்தவருக்கு ஒரே ஒரு மாத்திரையில் மூச்சுக்குழாய் இறுகிவிடலாம். அப்போது அவசரத்துக்கு அடிக்கும் வென்டோலின் இன்ஹேலரும் சரியாக வேலை செய்யாது, ஏனென்றால் அது திறக்க வேண்டிய இடத்தைத்தான் மாத்திரை அடைத்து வைத்திருக்கிறது. சின்ன வயதில் வந்து நின்றுபோன இழுப்பும் இதில் கணக்குதான்.

மேடை பதற்றத்துக்கு டாக்டர்கள் இதைக் கொடுப்பது உண்மை. நடுக்கமும் படபடப்பும் குறையும். ஆனால் அது நின்று பேசுகிறவருக்கும் வயலின் வாசிக்கிறவருக்கும். அரங்கேற்றம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆட வேண்டும், வர்ணம் மட்டுமே முக்கால் மணி நேரம் போகும். இதயம் வேகமாக அடிக்க வேண்டிய வேலை அது. அந்த வேகத்துக்கு மாத்திரை தடை போட்டால் பாதியில் கால் தளர்ந்துவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் கைமாறக்கூடாத மருந்து வேறு. மகளை டாக்டரிடம் காட்டி, இழுப்புப் பற்றியும் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன் உறவினர்களையும் தெரிந்தவர்களையும் உட்கார வைத்து, முழு ஒப்பனையோடு ஓரிரு முறை ஆட வையுங்கள். பழகப் பழக நடுக்கம் தானாக இறங்கும்.

சலங்கை அம்மா

நன்றி அக்கா. இழுப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அந்த அம்மாவிடமும் சொல்லிவிடுகிறேன்.

தாமான்வாசகன்

மாரடைப்புக்குப் பிறகு பீட்டா பிளாக்கர் ஆயுள் முழுக்கத் தேவையா என்பதே இப்போது டாக்டர்களிடையே நடக்கும் பெரிய விவாதம். செந்தூல்மகளுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன்.

இந்த மருந்தின் நல்ல பெயர் ஸ்டென்ட், ஸ்டாட்டின் எல்லாம் வருவதற்கு முந்தைய காலத்து ஆய்வுகளில் கிடைத்தது. இன்று அடைப்பை உடனே திறந்துவிடுவதால் பலருக்கு இதயத் தசை அதிகம் கெடுவதில்லை. 2024-இல் வந்த ரெட்யூஸ்-ஏஎம்ஐ ஆய்வில், பெரும்பாலும் சுவீடனைச் சேர்ந்த 5,020 பேர். மாரடைப்பு வந்தும் இதயத்தின் பம்ப் அளவு (ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 50 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ளவர்கள். மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மரணத்திலோ புதிய மாரடைப்பிலோ வித்தியாசம் தெரியவில்லை. 2025-இல் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் 8,438 பேரிடம் நடந்த ரீபூட் ஆய்வும், பம்ப் அளவு 40-க்கு மேல் உள்ளவர்களில், அதையேதான் சொன்னது. அதே சமயம் நார்வே, டென்மார்க் ஆய்வு கொஞ்சம் பலன் உண்டு என்றது. பம்ப் அளவு 40-இலிருந்து 49 வரை உள்ளவர்களுக்குப் பலன் இருப்பதாகவே தெரிகிறது.

இது ஆரம்பிக்கலாமா என்ற கேள்விக்கு. ஏற்கெனவே பல வருடம் எடுப்பவர் நிறுத்தலாமா என்பது வேறு கேள்வி. 2024-இல் பிரான்சின் அபிஸ் ஆய்வு 3,698 பேரிடம் அதைத்தான் பார்த்தது. நிறுத்தினால் தொடர்வதற்கு இணையாகப் பாதுகாப்பு உண்டு என்று அதனால் காட்ட முடியவில்லை. நிறுத்தியவர்கள் இதயப் பிரச்சினைக்காக ஆஸ்பத்திரிக்குப் போவது கூடியது, பிரெஷரும் நாடியும் ஏறின. நிறுத்தினால் வாழ்க்கை இலகுவாகும் என்று எதிர்பார்த்தார்கள், அதுவும் தெரியவில்லை.

ஆகவே அப்பாவின் பம்ப் அளவு எவ்வளவு என்று எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் பாருங்கள். எல்விஇஎஃப் என்று எழுதியிருக்கும். அந்த எண் இல்லாமல் யாரும் முடிவு சொல்ல முடியாது.

செந்தூல்மகள்

எல்லாருக்கும் நன்றி. அப்பா மாத்திரையைத் தொடர்கிறார், மிசி எழுதியதை வாசித்துக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டார். சித்தப்பாவும் அமைதி.

அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அப்பாவின் மேசை இழுப்பறையில் ஒரு சின்னப் பாட்டில் இருந்தது, மஞ்சள் மூடி. கண் அழுத்த நோய்க்கு வேறொரு இடத்தில் கொடுத்த சொட்டு மருந்து, சில மாதமாக விடுகிறாராம். "கண்ணுக்குத்தானே, அதைப் போய் இதய டாக்டரிடம் சொல்வார்களா" என்கிறார். லேபிளில் டிமோலோல் 0.5 விழுக்காடு, காலை மாலை இரு கண்ணிலும் ஒரு சொட்டு என்று இருக்கிறது. இதுவா?

மருந்துக்கடை அக்கா

இதேதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் என் சந்தேகம் முழுக்க அங்கேதான். டிமோலோலும் பீட்டா பிளாக்கர்தான், அதுவும் ப்ரோப்ரனோலோல் மாதிரி எல்லா இடத்தையும் அடைக்கும் வகை. கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேராக ரத்தத்தில் சேர்கிறது. கல்லீரலைத் தாண்டாமல் போவதால் வலு குறைவதுமில்லை. அப்பாவுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் நாடி இறங்குகிறது. சோர்வு தொடங்கியதும் சொட்டு தொடங்கியதும் ஒரே காலமா என்று கேட்டுப் பாருங்கள்.

சொட்டையும் அவராக நிறுத்தக் கூடாது, கண் அழுத்தம் ஏறினால் போன பார்வை திரும்பாது. நாளையே அந்தக் கண் மருத்துவ இடத்துக்கு ஃபோன் செய்து, இதயத்துக்குப் பிசோப்ரோலோல் எடுக்கிறார், நாடி 50 என்று சொல்லுங்கள். லட்டனோபிராஸ்ட் போல வேறு வகைச் சொட்டுகள் இருக்கின்றன, பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். அதுவரை சொட்டு விட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். ரத்தத்தில் சேர்வது நன்றாகக் குறையும்.

எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். எந்த டாக்டரிடம் போனாலும் பாட்டில், டியூப், சொட்டு, ஸ்ப்ரே எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாயால் பட்டியல் சொன்னால் இப்படித்தான் ஒன்று விடுபடும். வெராபமில், டில்டியசெம் என்ற பெயர்கள் இருந்தால் கட்டாயம் காட்ட வேண்டும், பீட்டா பிளாக்கரோடு சேர்ந்தால் இதயத் துடிப்பு மோசமாக இறங்கிவிடும். மூட்டுவலிக்கு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் பிரெஷரை ஏற்றும். சளி மருந்தில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பட்டர்வொர்த் மிசி

அக்காவுக்கு ஒரு கும்பிடு. கண் சொட்டைக் கேட்கும் மருந்தாளுநர் கிடைப்பது அபூர்வம்.

கெப்போங்வாசி

எங்கள் அத்தைக்கும் அதே மஞ்சள் மூடிப் பாட்டில் இருக்கிறது. அவருக்கு ஆஸ்துமா! இப்போதே அழைக்கிறேன்.

செந்தூல்மகள்

நிலவரம் சொல்லவே வந்தேன். கண் டாக்டர் லட்டனோபிராஸ்டுக்கு மாற்றிவிட்டார், இரவில் ஒரு சொட்டு மட்டும். கிளினிக்கில் இசிஜி எடுத்து, நாடி மெதுவாக இருப்பதைத் தவிர வேறு கோளாறு இல்லை என்றார்கள். இதயப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்ததால் அப்பாய்ன்மென்டும் முன்னால் வந்தது. எக்கோவில் பம்ப் அளவு 55. இப்போது நாடி 60-ஐ ஒட்டி நிற்கிறது. அப்பா மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறிவிட்டு, கீழே இறங்கிப் போய் மறுபடி ஏறிக் காட்டினார், அம்மா திட்டினார்.

தாமான்வாசகன் எழுதியதை டாக்டரிடம் கேட்டேன். கேள்வி நியாயம்தான், பம்ப் அளவு நன்றாக இருப்பதால் 5-ஐ 2.5 ஆக்குவது பற்றித் தைப்பூசம் முடிந்து பேசலாம், விரதமும் படியும் இருக்கும் நேரத்தில் எதையும் தொட வேண்டாம் என்றார். டிரெட்மில்லில் நடக்க வைத்துப் பார்த்த பிறகு மலை ஏற அனுமதி கொடுத்தார், கூட்டம் குறைவான அதிகாலையில். கிளிக்லசைடை இரவுச் சாப்பாட்டோடு மட்டும், பாதி அளவில் எடுக்கச் சொன்னார். பால்குடத்தை என் தம்பி சுமக்க, அப்பா கூட நடப்பதாக ஏற்பாடு. அதற்குத்தான் அவரைச் சம்மதிக்க வைக்கப் பெரும்பாடு.

இரண்டு சந்தேகம். ஏறும் அன்று காலை மாத்திரை போட்டுக்கொண்டே போகலாமா? எவ்வளவு வேகத்தில் ஏறலாம் என்று நாடியை வைத்துப் பார்க்க முடியுமா, தம்பி கைக்கடிகாரம் வாங்கித் தருகிறான்.

பட்டர்வொர்த் மிசி

கேட்கவே சந்தோஷம் மகளே.

மாத்திரை வழக்கமான நேரத்தில் வழக்கம் போல. மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது.

கடிகாரத்தை நம்பி ஏறாதீர்கள். 220-இல் வயதைக் கழிக்கும் கணக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குப் பொருந்தாது. எவ்வளவு சிரமப்பட்டாலும் அவர் நாடி அந்த எண்ணைத் தொடாது, இன்னும் இடமிருக்கிறது என்று கடிகாரம் சொல்லிக்கொண்டே இருக்கும். ஏறும்போது அப்பா உங்களோடு தடையில்லாமல் பேச வேண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு போதவில்லை என்றால் ஓரமாக நின்றுவிடுங்கள். உட்கார்ந்தால் சட்டென்று எழ வேண்டாம், தலை சுற்றும். ஏறத் தொடங்கும் முன் ஒருமுறை, மேலே போனதும் ஒருமுறை விரலில் குத்திப் பாருங்கள்.

செந்தூல்மகள்

சரி மிசி. சீனித் தண்ணீர்ப் பாட்டில் தம்பி பையில், குளுக்கோமீட்டர் என் பையில்.

தண்ணீர்மலைத் தாத்தா

மருந்துப் பட்டியலை ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப் பையிலும் வையுங்கள் அம்மா, சொட்டு மருந்தையும் சேர்த்து. கூட்டத்தில் நீங்கள் பிரிந்துவிட்டாலும் முதலுதவிக் கூடாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.